பலகையில் விடுபட்ட ஒற்றுகள்

2024ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கொல்லிமலையில், அம்மலையின் ஊர்ப்பிரிவுகளில் ஒன்றான திருப்புலி நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் வீதி முனையில் நான் வாடகைக் காரிலிருந்து இறங்கினேன். மேகம் தாழ்ந்திருந்தது, மழை இல்லை. எனக்கு வயது எழுபத்தொன்று. கண்புரை அறுவைக்குப் பிறகு என் பார்வை தெளிவாக உள்ளது. காதில் குறை இல்லை என்று அதே மாதம் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இவற்றை முதலிலேயே பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. கீழே எழுதியிருப்பது நடந்தது. முதியவளின் தடுமாற்றம் என்று எவரும் இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் அங்கே போய் நிற்பார்கள்.

பாடநூல்களை அச்சிடும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவள் நான். பிழையைக் கண்டால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். எச்சிலைத் தொட்டுப் பக்கம் புரட்டுபவரைக் கண்டால் இன்றும் எனக்குக் குமட்டும். அவ்வாறு புரட்டிய தாளை நான் கையால் தொட்டதில்லை. அளவுகோலால் தள்ளி வைத்தே திருத்தியிருக்கிறேன். ஓய்வுக்குப் பின் பழைய தெருப்பெயர்ப் பலகைகளைத் தேடிச் சென்று படம் எடுத்து வருகிறேன்.

அவை எங்கெங்கோ தப்பிப் பிழைத்திருக்கின்றன. புதுச்சேரியில் நீலத் தகடுகளில் பிரெஞ்சும் தமிழும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. கும்பகோணத்தில் ஒரு சந்தின் பெயரைக் கருங்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் அதன் தலையில் ஆணி அடித்து எண்ணெய்ப் பிசுக்கேறிய பையை மாட்டியிருக்கிறார். காரைக்குடிப் பக்கம் சிமெண்டில் புடைத்தெழுந்த எழுத்துகள், வெள்ளையடித்து வெள்ளையடித்துப் பருத்து, வீங்கிய விரல்களைப் போலத் தெரிகின்றன. எந்த நிலையில் இருந்தாலும் அவற்றில் எழுத்துப் பிழை அரிது. எழுதியவர்கள் அது நெடுங்காலம் நிற்கும் என்று அறிந்து எழுதினார்கள். இரண்டு நாள் தொங்கும் பிளெக்ஸில் ‘வறுக வறுக’ என்று அச்சிட்டு அதற்கு மாலையும் போடுகிறவர்களின் காலம் இது.

என்னை வழக்கமாக அழைத்துச் செல்லும் ஓட்டுநர் யுவராஜ். முள்ளுக்குறிச்சிக்காரர். நான் ஆசிரியை அல்லள் என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை ‘டீச்சரம்மா’ என்றே அழைப்பார். அவர்தாம் ஒரு படத்தை அனுப்பியிருந்தார். நீல எனாமல் தகடு. வெள்ளை எழுத்து. பழைய வடிவத்து ‘ணை’.

பழைய வடிவம் என்றால் என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளுக்கு முன்னே தனிக் கொம்பு இல்லை. யானைத் துதிக்கையைப் போன்ற ஒரு சுழி எழுத்தின் தலையில் ஏறி நிற்கும். காகிதத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எனாமல் தகட்டில் பார்த்ததில்லை. அதற்காகவே மலையேறினேன்.

அந்தப் படத்தில் பலகை இவ்வாறு இருந்தது:

செ  கோட  ப  ணை வீதி

செங்கோடன் பண்ணை வீதி என்று இருந்திருக்க வேண்டும். ‘ங்’, ‘ன்’, ‘ண்’ ஆகிய மூன்றும் இல்லை. அவை இருந்த இடங்கள் வெற்றிடமாக இருந்தன. துரு தின்றிருக்கும் என்று கருதினேன்.

மலைப்பாதையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் உடைந்த புட்டிகளும் குரங்கு கிழித்த நெகிழிப் பைகளும் கிடந்தன. வளைவு எண்ணை எழுதிய கல்லின்மேல் எவனோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தான். அது வழிந்து எண்ணைப் பாதி மறைத்திருந்தது. செம்மேட்டைக் கடந்ததும் மிளகுக் கொடிகளும் மரவள்ளிக் காடுகளும் வந்தன. அதன்பின் அந்த வீதி. ஒரே வரிசையில் ஓட்டு வீடுகள். எதிரே சரிவு. சரிவு முழுவதும் மிளகு படர்ந்த மரங்கள்.

வீதியில் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு எவரும் குரல் கொடுக்கவில்லை. ஒரு பெண் பக்கத்து வீட்டாரை அழைக்கச் சொம்பைக் கரண்டியால் தட்டினாள். மலையூரில் இவ்வளவு ஒழுங்கா என்று நான் வியந்தேன்.

பலகை முதல் வீட்டின் பக்கச் சுவரில் இருந்தது. அருகில் சென்றேன்.

துரு அன்று.

துரு ஓரத்திலிருந்து தின்னும். பலகையின் ஓரங்கள் அப்படியே பளபளத்தன. துதிக்கை ‘ணை’ நேற்று எழுதியதுபோல் இருந்தது. மூன்று எழுத்துகள் மட்டுமே அவற்றின் வடிவ அளவுக்கு அடித்தகடு தெரியத் தேய்ந்திருந்தன. சுரண்டிய கீறல் ஒன்றுகூட இல்லை. தேய்ந்த இடத்தின் விளிம்புகள் வழுவழுப்பாக, சப்பிய மிட்டாயின் விளிம்பைப் போலக் குழைந்திருந்தன.

‘ங்’ இருந்த குழியில் விரல் வைத்தேன். ஈரம். விரலை எடுத்தேன். ஓர் இழை கூடவே வந்தது. நீண்டது. அறுந்து என் மணிக்கட்டில் ஒட்டியது.

வாடையும் வந்தது. அது எனக்குத் தெரிந்த வாடை. எச்சில் தொட்டு அழித்த சிலேட்டின் வாடை.

“ஏனுங்க, அதத் தொடாதீங்க.”

வீட்டுக்காரப் பெண் வாசலில் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் தண்ணீர்ச் சொம்பு. நான் கேட்பதற்கு முன்பே என் கையில் தண்ணீரை ஊற்றினாள். இதற்குமுன் பலரின் கைக்கு ஊற்றியவளைப்போல் ஊற்றினாள்.

யுவராஜ் அவளை “மணிமேகலை, சௌக்கியமா?” என்று கேட்டார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். அவள் முள்ளுக்குறிச்சியிலிருந்து இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு முதியவர் விரைந்து வந்தார். அவள் மாமனார் குப்புசாமி.

“அந்தப் பேர இங்க சொல்லாத சாமி. இங்க அவ பாப்பாயி.”

ஒரு பெண்ணுக்கு இரண்டு பெயர் எதற்கு என்று கேட்டேன். ஒழுங்கின்மை எனக்கு ஆகாது.

“அந்தப் பேருல முள்ளு இல்லீங்களே,” என்றார் குப்புசாமி. “பேருன்னா தொண்டைல ஒரு எடத்துல சிக்கோணும்ங்க. குப்புசாமி. பாப்பாயி. எம் பேத்தி ஆர்த்தி. சிக்குதுங்களா? அந்தப் பேரு வழவழன்னு உள்ள போயிருது பாருங்க.” பிறகு என் கண்ணாடியையும் கைப்பையையும் பார்த்துச் சிரித்தார். “நீங்க டவுன்ல எழுத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டருங்களா? உங்க பேருல முள்ளு இருக்குதுங்களா?”

என் பெயரை நான் சொல்லவில்லை. ‘அம்மா’ என்றால் போதும் என்றேன். இதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்த ஊரில் ஒருவரிடமும் என் பெயரை நான் சொல்லவில்லை. யுவராஜும் சொன்னதில்லை.

வண்டியின் மாற்றுச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டச் செம்மேடு போய் ஐந்து மணிக்குள் வருவதாகச் சொல்லி யுவராஜ் கிளம்பினார். நான் படம் எடுக்கத் தொடங்கினேன். சிறுமி ஆர்த்தி வாசற்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. கையெழுத்து மோசமில்லை. அவள் தகப்பனார் அருள்ராஜ் கீழ்நாட்டுச் சமவெளியில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்.

சரிவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அழைத்தது.

“ஆதீ... ஆதீ...”

சாதாரணக் குரல். காட்டில் வேலை செய்பவள் பிள்ளையைக் கூப்பிடும் குரல். யாரும் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து மீண்டும்.

“ஆதீ...”

ஆதி யார், உன் அண்ணனா என்று சிறுமியைக் கேட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள். தாயைப் பார்த்தாள்.

“அப்படி இங்க ஆரும் இல்லீங்க,” என்றாள் மணிமேகலை. “நீங்க போட்டோ எடுங்க.”

அடுத்து அந்தக் குரல் “பாபாயீ” என்றது. வல்லினம் மெலிந்து, சொல் கூழைப்போல் குழைந்து வந்தது. கேட்கவே அருவருப்பாக இருந்தது. மலைக்காட்டு மக்களின் உச்சரிப்பு இது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வீதியில் எவரும் அப்படிப் பேசவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

தேய்ந்த எழுத்துகளைப் படத்தில் தெளிவாகக் காட்ட நான் பையில் சுண்ணக்கட்டி வைத்திருப்பது வழக்கம். அதை எடுத்தேன். மணிமேகலை வேண்டாம் என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

“எத்தன தடவ பெயிண்டு அடிச்சாலும் அந்த மூணு எழுத்து மட்டும் நிக்கறதில்லீங்க. விட்ருங்க.”

பிழையுள்ள பலகையைப் பிழையுடன் படம் எடுத்துக்கொண்டு இறங்க என்னால் இயலாது. குழிகளைக் கைக்குட்டையால் துடைத்து, குட்டையை அங்கேயே எறிந்துவிட்டு, எழுதினேன். ‘ங்’. ‘ன்’. ‘ண்’. என் ‘ங்’ உட்கோட்டின் நுனியில் சிறு கொக்கி விழும். அச்சுக்கோப்பவர்கள் அதைத் தூண்டில் என்று கேலி செய்வார்கள். அப்படியே விழுந்தது. மூன்றின் தலையிலும் புள்ளி வைத்தேன்.

செங்கோடன் பண்ணை வீதி. படம் எடுத்தேன். மணி நான்கு இருபது.

பனி சரிவிலிருந்து மேலேறியது. மிளகு மரங்கள் மறைந்தன. வீதியின் எதிர்ப்பக்கம் மறைந்தது. மணிமேகலை மகளை உள்ளே அனுப்பினாள். என்னையும் உள்ளே வரச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்றேன். துடைத்தேன். அணிந்தேன். பலகையைப் பார்த்தேன்.

‘ங்’ இல்லை.

அது இருந்த இடம் நனைந்து பளபளத்தது.

மழை இல்லை. மற்ற எழுத்துகள் உலர்ந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ‘ன்’ அழியத் தொடங்கியது. கீழிருந்து மேலாக. மெதுவாக. அகலமான ஈரத்துணி ஒன்று ஏறுவதுபோல. துணி எதுவும் இல்லை. ஓசை மட்டும் இருந்தது. மாடு கன்றை நக்கும்போது வரும் ஓசை.

புள்ளி கடைசியில் போனது.

பிறகு ‘ண்’.

எனக்கு அச்சம் அப்போது வரவில்லை. அதை நான் மறைக்கவில்லை. என் எழுத்தின்மேல் எச்சில் படுகிறது என்ற அருவருப்பு மட்டுமே இருந்தது. எச்சில் தகட்டில் வழிந்து, ஓரத்தில் சொட்டாகித் தொங்கியது. விழவில்லை.

அப்போது என் காதருகே அழைத்தது.

“ருகுமணி.”

என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை உடையவர்கள் எவரும் இன்று உயிரோடு இல்லை. மரியாதை இல்லாத அழைப்பு. அதிலும் பிழையான அழைப்பு.

“ருகுமணி...”

என் பெயர் இதற்கு எவ்வாறு தெரிந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். நானோ பிழையைக் கேட்டேன்.

“ருக்குமணி,” என்றேன். “‘க்’ எங்கே?”

பனிக்குள் எல்லாம் நின்றது.

பூச்சிகளின் இரைச்சல் நின்றது. அந்தச் சொட்டு விழுந்தது.

பிறகு...

“க்.”

என் காதருகே. ஈரமாக. தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டவரைப்போல.

“க்... க்... க்...”

அது பயின்றது. மெய்ப்பில் ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்தால் பயிற்சி அச்சுக்கோப்பவன் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். அப்படி.

“ருக்... ருக்கு...”

“ருக்குமணி.”

பிழை இல்லை.

என் வலது கன்னத்தில் ஈரக்காற்று பட்டது. சிலேட்டு வாடை.

கதவு திறந்தது. மணிமேகலை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

கதவைத் தாழிட்டாள். குப்புசாமி விளக்கை அணைத்தார். சிறுமி மூலையில் வாய்ப்பாட்டோடு இருந்தாள். அந்த அறையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் முள் என்று சொன்னது ஒற்றெழுத்தை. புள்ளி வைத்த எழுத்தை. மெய்யெழுத்தை. அது அழைக்கும்போது பெயரில் மெய் வராது. அதை வைத்தே அழைப்பது மனிதர் இல்லை என்று அறிந்துகொண்டார்கள். முள் இல்லாத பெயரை அது முழுதாகச் சொல்லிவிடும்; மனிதர் கூப்பிடுவதாக நம்பிப் பதில் கொடுத்துவிடுவார்கள். அதனால் மணிமேகலையைப் பாப்பாயி ஆக்கினார்கள். பிள்ளைக்கு இரண்டு முள் வைத்துப் பெயரிட்டார்கள்.

மெய் என்ற சொல்லுக்கு உடம்பு என்றும் பொருள். இதற்குமேல் நான் விளக்கப் போவதில்லை.

சுவருக்கு வெளியே அது பயின்றுகொண்டிருந்தது.

“ஆ... ஆர்...”

மணிமேகலை மகளை நோக்கிப் பாய்ந்தாள்.

“ஆர்... த்... ஆர்த்...”

நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“ஆர்த்தி.”

மணிமேகலையின் குரல்.

மணிமேகலை என் கண்முன் இருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது.

“வா—” என்றாள் சிறுமி.

‘வாரேன்’ என்பதன் முதல் எழுத்து. அதற்குள் தாயின் கை அவள் வாயை மூடிவிட்டது.

ஓரெழுத்து.

வெளியே எதுவோ சப்புக்கொட்டியது. ஒரே ஒரு முறை.

பிறகு எதுவும் இல்லை...

யுவராஜின் ஹாரன் கேட்கும்வரை நாங்கள் நால்வரும் பதில் சொல்லிவிடாதபடி ஆளுக்கொரு துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்தபோது பனி விலகியிருந்தது. வீதியில் விளக்குகள் எரிந்தன. எவரும் எதுவும் கேட்கவில்லை. எல்லா வீட்டுக் கதவுகளும் மூடியிருந்தன. குப்புசாமி எங்களோடு மலையிறங்க மறுத்துவிட்டார். மணிமேகலையும் சிறுமியும் என்னோடு காரில் ஏறினார்கள். சிறுமி வழிநெடுக உறங்கினாள்.

பாதி மலை இறங்கிய பிறகே என் வலது கை இன்னும் மூடியிருப்பதைக் கவனித்தேன். விரித்தேன். சுண்ணக்கட்டி இருந்தது. நனைந்திருந்தது. நான் பயன்படுத்தாத முனை, குழந்தை சப்பிய குச்சி ஐஸைப்போல, கூராகத் தேய்ந்திருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன்.

சிறுமியையும் தாயையும் முள்ளுக்குறிச்சியில், சிறுமியின் அம்மாயி இருக்கும் மணிமேகலையின் தாய்வீட்டில், இறக்கிவிட்டு நாமக்கல்லில் என் வீடு வந்து சேர்ந்தேன். கையை எத்தனை முறை கழுவினேன் என்று தெரியாது. அன்றிரவு எதுவும் நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை.

பத்து நாள் கழித்து யுவராஜ் ஒரு படம் அனுப்பினார். உடன் ஒரு வரி: பெயிண்ட் யார் அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

பலகையில் மூன்று எழுத்துகளும் இருந்தன. சுண்ணம் இல்லை, சாயம் இல்லை. மற்ற எழுத்துகளைப்போலவே தகட்டோடு சுட்ட வெள்ளை எனாமல். பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ங்’ எழுத்தின் உட்கோட்டு நுனியில் கொக்கி இருந்தது.

என் கையெழுத்து.

குப்புசாமியிடம் தொலைபேசியில் பேசினேன். அன்று முதல் வீதியில் எதுவும் கூப்பிடவில்லை என்றார். அவருடைய தாய்வழிப் பாட்டனாரான அப்புச்சியின் காலத்திலிருந்தே கேட்டு வந்த குரலாம். வீதிக்குப் பெயர் தந்த பண்ணைக்காரர் சேலத்தில் செய்வித்து அந்தப் பலகையை மாட்டியதற்கும் முன்பே இருந்ததாம். இப்போது இல்லை. வீதியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூவி விளையாடுகிறார்களாம். சொல்லும்போது அவர் மகிழவில்லை.

“போச்சுன்னா எங்கியோ போயிருக்கோணும்ங்களே,” என்றார்.

எங்கே என்பதை டிசம்பர் முதல் வாரத்தில் மணிமேகலை சொன்னாள்.

சிறுமி பேசுகிறாள். உண்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அவள் பேச்சில் ஒற்று இல்லை. அம்மாவை “அமா” என்கிறாள். தண்ணீரை “தணீ” என்கிறாள். பெயரைக் கேட்டால் “ஆதி” என்கிறாள். எழுதும்போதும் புள்ளி வைத்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அடுத்த எழுத்துக்குப் போகிறாள். அந்த இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கிறதாம். மருத்துவர் நாக்கையும் அண்ணத்தையும் தொண்டையையும் பார்த்துவிட்டுக் குறை ஏதும் இல்லை என்றார். தமிழ் நன்கு அறிந்த ஒருவர் அருகில் இருந்து, பிழையான சொல் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் திருத்தினால் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

“நீங்க வந்து சொல்லிக் குடுத்தா வந்துருமுங்க,” என்றாள் மணிமேகலை. அழுதாள். “உங்களால போனது உங்களாலதான் வரோணும்ங்க. ஒரு நிமிசம் பேசுங்க. இங்கதான் இருக்குது.”

தொலைபேசி கைமாறிய ஓசை கேட்டது. மூச்சு கேட்டது. சிறுமி என்னை அன்று ‘பாட்டிங்க’ என்று அழைத்திருந்தாள். மலையிலும் சரி, கீழ்நாட்டிலும் சரி, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களிடம் ‘ங்க’ இல்லாமல் பேசுவதில்லை.

“ருகுமணி,” என்றது. மலையில் பயின்ற ‘க்’கை வேண்டுமென்றே விட்டது.

என் கை பேனாவைத் தேடியது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது.

“சொலி குடு, ருகுமணி. இனு இருகு. எலா சொலி குடு.”

சொல்லிக் கொடு. இன்னும் இருக்கிறது. எல்லாம் சொல்லிக் கொடு.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை வைத்தேன். காதோடு பொருந்தியிருந்த கண்ணாடித் திரை நனைந்திருந்தது. அதை நாளிதழில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து மணிமேகலையை அழைத்து, மகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு, நான் நினைப்பதை முழுமையாகச் சொன்னேன். அந்த வாயிலிருந்து கேட்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். மெய்யெழுத்துப் பதினெட்டு; மலையில் என் தவற்றால் அதற்குக் கிடைத்தவை சில. மற்றவற்றையும் என் வாயால் கொடுத்தால், அதன்பின் அந்த உடம்பில் சிறுமிக்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை என்றேன்.

“அப்ப எம் புள்ள இப்படியே இருக்கட்டும்ங்களா?”

இருக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 14ஆம் நாள் அருள்ராஜ் ஊர் திரும்பியதும் குடும்பத்தார் கூடிப் பேசினார்கள். அவர்களின் முடிவை மணிமேகலை யுவராஜ் வழியாக எனக்குச் சொல்லி அனுப்பினாள். அதைச் சொன்னபடியே பதிவு செய்கிறேன். சிறுமியை மலைக்குத் திரும்ப அழைத்துச் செல்வதில்லை. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை. வீட்டில் அவளை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘கண்ணு’ என்றே அழைப்பது. பள்ளி ஆசிரியைக்குத் தெரிவித்து, வாய்விட்டு வாசிக்கும் பாடத்திலிருந்து அவளை விலக்கி வைப்பது. அவள் எந்தச் சொல்லைப் பிழையாகச் சொன்னாலும், எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும், எவரும் திருத்துவதில்லை. தாயும் திருத்துவதில்லை.

பலகையைக் கழற்ற ஊரில் எவரும் முன்வரவில்லை. அது அங்கேயே, பிழையின்றி, இருக்கிறது.

நான் படம் எடுக்கும் வேலையை நிறுத்திவிட்டேன். புதிய எண் வாங்கினேன்; அதை எவருக்கும் கொடுக்கவில்லை. ஆயினும் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் முள்ளுக்குறிச்சியிலிருந்து, மணிமேகலையின் எண்ணிலிருந்து, அழைப்பு வருகிறது. எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.